ஐரோப்பிய ஒன்றியத்தின் குரல் ஏன் தயங்குகிறது?

ஐரோப்பிய ஒன்றியத்தின் அறிக்கைகள் ஏன் இவ்வளவு மென்மையாக இருக்கின்றன என்று எம்மவர் பலர் என்னிடம் கேட்பதுண்டு. விடை அதன் கட்டமைப்பிலேயே உள்ளது.

1993இல் நடைமுறைக்கு வந்த மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கைதான் பொதுவான வெளியுறவு, பாதுகாப்புக் கொள்கைக்கு அடித்தளமிட்டது. அதில் முக்கிய முடிவுகளுக்கு எல்லா உறுப்பு நாடுகளும் இணங்கவேண்டும். இன்று அவை 27. ஒரு நாடு எதிர்த்தாலே முடிவு நின்றுவிடும். 2003இல் ஈராக் போரைப் பிரித்தானியா ஆதரித்தது; பிரான்சும் ஜேர்மனியும் எதிர்த்தன. ஒன்றியத்துக்குப் பொதுக்குரலே இருக்கவில்லை.

வர்த்தகச் சலுகைகளின் கதை வேறு. அங்கே தகுதிப் பெரும்பான்மை போதும். மனித உரிமை உடன்படிக்கைகளை முறையாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010இல் இலங்கையின் ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகை இடைநிறுத்தப்பட்டது அந்த வழியில்தான். 2017இல் அது மீண்டும் கிடைத்தது.

ஆகவே பிரசல்சுக்கு மனு அனுப்புவது மட்டும் போதாது. ஒவ்வொரு தலைநகரின் கதவையும் நாம் தட்டவேண்டும்.