பலகை அறுக்கும் பழைய ரம்பம்

தென் அமெரிக்காவின் வடகரையில் உள்ளது கயானா. இந்நாட்டின் நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் காடு. அக்காட்டில் வளரும் கிரீன்ஹார்ட் என்னும் மரம் மிகவும் கெட்டியானது. நீரில் போட்டால் மூழ்கிவிடும். துறைமுகத் தூண்களுக்கு உலகெங்கும் பெயர்பெற்றது.

அடர்ந்த காட்டினுள் அத்தகைய மரம் ஒன்றை வெட்டிச் சாய்த்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடிமரத்தின் குறுக்களவு 60 செ.மீ., நீளம் 4 மீட்டர். அதன் எடை என்ன? கன அளவு ஏறத்தாழ 1.13 கன மீட்டர். நீரைவிடக் கனமான மரம் என்பதால் எடை 1,100 கிலோவுக்கும் மேலிருக்கும். லாரி போகப் பாதை இல்லை. எப்படி வெளியே கொண்டுவருவது?

வழி ஒன்று உண்டு. விழுந்த இடத்திலேயே மரத்தைப் பலகைகளாக அறுத்துவிடலாம். 25 செ.மீ. அகலமும் 25 மி.மீ. கனமும் உள்ள ஒரு பலகை ஏறத்தாழ 25 கிலோ. அதை ஒருவரே தோளில் சுமந்து வந்துவிடலாம். மரவாடியைக் காட்டுக்குள் கொண்டுபோகும் இந்த வேலையைச் செய்வது ஒரு சங்கிலி ரம்பம். பல இடங்களில் அது உங்களைவிட, ஏன், உங்கள் தந்தையைவிடவும் வயதில் மூத்த ரம்பமாக இருக்கும்!

குறுக்கே அறுப்பதும் நெடுக அறுப்பதும்

சங்கிலி ரம்பம் பிறந்தது மரத்தைக் குறுக்கே துண்டுபோடுவதற்காக. நெடுக்காகப் பலகை அறுப்பது வேறு வேலை. ஏன்?

மரம் என்பது நார்களின் கட்டு. ஈர்க்குக் கட்டு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். அதைக் குறுக்கே அறுக்கும்போது, பற்களின் ஓரங்கள் நார்களை இரு பக்கமும் அறுத்துவிட்டால் போதும்; நடுவில் உள்ள துணுக்கு தானே பெயர்ந்து வந்துவிடும். பலகை அறுக்கும்போதோ, பல் நார்களின் நுனிகளை நேருக்கு நேர் சந்திக்கிறது. பல்லின் முழு அகலமும் அந்த நுனிகளைச் சீவிச் சீவித்தான் முன்னேற வேண்டும்.

இன்று நாம் காணும் சங்கிலிப் பல்லுக்கு வழிகாட்டியது ஒரு புழு என்றால் நம்புவீர்களா? 1946-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் பியுஃபோர்டு காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டிருந்தார். மர வண்டின் புழு ஒன்று மரத்தைக் குடைந்து செல்வதைக் கண்டார். நார் எந்தத் திசையில் ஓடினாலும் அதற்குக் கவலை இல்லை! அதன் தாடைகள் இடமும் வலமுமாக மாறி மாறிச் சீவின. அதைப் பார்த்து அவர் 1947-ல் இடப்பல், வலப்பல் என்று மாறிவரும் சங்கிலியை உருவாக்கினார். இன்றைய சங்கிலிகள் அதன் வழிவந்தவையே.

குறுக்கறுப்புச் சங்கிலியில் பல்லின் மேல்முனை பொதுவாக 30 பாகை சாய்வாகத் தீட்டப்பட்டிருக்கும். பலகை அறுப்பதற்கு அதை 10 பாகை அளவுக்குக் குறைத்துத் தீட்டுவார்கள். அப்போது பலகையின் முகம் வழவழப்பாக வரும்.

ஆனால் இதில் ஓர் இழப்பும் உண்டு. சங்கிலி செல்லும் தடம் ஏறத்தாழ 9 மி.மீ. அகலம். 25 மி.மீ. பலகை ஒவ்வொன்றுக்கும் 9 மி.மீ. மரம் தூளாகிறது. அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல்! கோடு பிசகினால் இழப்பு இன்னும் கூடும். அதனால்தான் சிலர் ரம்பத்தை ஓர் இரும்புச் சட்டகத்தில் பொருத்துகிறார்கள். முதல் அறுப்புக்கு ஏணி ஒன்றை மரத்தின்மேல் கிடத்தி, அதன்மேல் சட்டகத்தை நகர்த்துவார்கள். அடுத்த அறுப்புகளுக்கு முன்பு அறுத்த தட்டையான முகமே வழிகாட்டி.

பழைய இயந்திரத்துக்கு ஏன் மதிப்பு?

ஜெர்மனியின் ஸ்டீல் நிறுவனம் 1959-ல் காண்ட்ரா என்னும் ரம்பத்தை வெளியிட்டது. அதன் வழிவந்தவை 070, 090 என்னும் பெரிய ரம்பங்கள். 070-ன் உருளை விட்டம் 58 மி.மீ.; பிஸ்டன் மேலும் கீழும் செல்லும் தூரம் 40 மி.மீ. உருளையின் கன அளவு காணும் சூத்திரம் உங்களுக்குத் தெரியுமே! போட்டுப் பாருங்கள்: ஏறத்தாழ 106 கன செ.மீ. கிடைக்கும். பெட்ரோலில் எண்ணெய் கலந்து ஓடிய பழைய மொபெட்டின் இயந்திரம் 50 கன செ.மீ. தான். இரண்டு மொபெட்டின் இயந்திரம் ஒருவர் கையில்!

இன்றைய ரம்பங்கள் மிக வேகமாகச் சுழன்று ஆற்றல் தருகின்றன. பழையவை மெதுவாகச் சுழன்றாலும் முறுக்குவிசை மிகுந்தவை. நீண்ட சங்கிலியை அகன்ற மரத்தினுள் நிற்காமல் இழுக்க இது உதவுகிறது. அமைப்பும் எளியது. ஆகவே காட்டோரத்திலேயே பழுதுபார்க்கலாம், உதிரிப் பாகம் கிடைத்தால்!

பிஸ்டனைக் கொல்லும் ரப்பர் வளையம்

இது இருவீச்சு இயந்திரம். பிஸ்டன் மேலே செல்லும்போது கீழறையில் அழுத்தம் குறைகிறது. கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோல், எண்ணெய், காற்று கலந்த கலவை உள்ளே வருகிறது. பிஸ்டன் இறங்கும்போது அக்கலவை மேலே தள்ளப்படுகிறது. கீழறையின் இரு பக்கமும் கிராங்க் தண்டு வெளியே வருகிறது அல்லவா? அங்கே காற்று புகாதபடி காப்பது ஆயில் சீல் என்னும் ரப்பர் வளையம்.

ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் இறுகிப்போகிறது. அதன் விளிம்பு வழியே காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. கலவையில் காற்று மிகுந்து பெட்ரோல் குறைகிறது. பெட்ரோலோடு வரும் எண்ணெயும் குறைகிறது. உள்ளே வெப்பம் ஏறுகிறது. அலுமினியப் பிஸ்டன் விரிவடைகிறது. உராய்வைத் தடுக்கும் எண்ணெய்ப் படலம் போதாததால் பிஸ்டன் உருளையைக் கீறி, இறுதியில் இறுகி நின்றுவிடுகிறது.

குறுக்கறுப்பு சிறிது நேரத்தில் முடிந்துவிடும். பலகை அறுக்கும்போதோ ஒரே மூச்சில் பல நிமிடங்கள் இயந்திரம் முழு வேகத்தில் உழைக்கிறது. சிறிய கசிவும் இங்கே பெரிய கேடாகிவிடும். காரணத்தைப் பார்க்காமல் புதுப் பிஸ்டன் மட்டும் வாங்கிப் போட்டால் என்ன ஆகும்? அதுவும் சீக்கிரமே அதே கதிக்கு ஆளாகும்! பணம் போகும், வேலை நிற்கும், அன்றைய கூலியும் போகும்.

கைவிசையைத் தளர்த்திய பின்பும் இயந்திரத்தின் வேகம் தணியாவிட்டால் கசிவு இருக்கலாம். துளைகளை அடைத்து, சிறிதளவு காற்றை உள்ளே செலுத்தி, சோப்பு நீர் தடவிப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். சைக்கிள் டியூபில் ஓட்டை கண்டுபிடிப்பது போலத்தான்!

பாகம் தேடும் கலை

உதிரிப் பாகங்கள் மூன்று வழிகளில் கிடைக்கும். முதலாவது, நிறுவனத்தின் பழைய இருப்பு. இரும்புப் பாகங்களானால் நல்லது. ஆனால் ரப்பர் பெட்டிக்குள் இருந்தாலும் முதுமை அடையும்.

இரண்டாவது, ஓடாத ரம்பத்திலிருந்து கழற்றியவை. உருளையானால், புகைபோகும் துளை வழியே வெளிச்சம் காட்டிப் பார்க்க வேண்டும். மேலிருந்து கீழாகக் கீறல் இருந்தால் வேண்டாம்.

மூன்றாவது, பிறர் செய்யும் நகல்கள். இவை மலிவு, தரம் ஒரே மாதிரி இராது. உருளையின் துளை விளிம்புகள் கூர்மையாக விடப்பட்டிருந்தால் பிஸ்டன் வளையம் அதில் மாட்டி உடையும்.

எந்த வழியானாலும், பெயரை நம்பாமல் அளவை நம்ப வேண்டும். 070-க்கும் 090-க்கும் பிஸ்டன் செல்லும் தூரம் ஒன்றே. ஆனால் 090-ன் உருளை விட்டம் 66 மி.மீ. ஒன்றின் பிஸ்டன் மற்றதற்கு உதவாது.

சங்கிலிக்கும் அளவு உண்டு. அடுத்தடுத்த மூன்று தரையாணிகளில் முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, இரண்டால் வகுக்க வேண்டும். இப்பெரிய ரம்பங்களுக்கு வழக்கமான சங்கிலியில் இது 0.404 அங்குலம், அதாவது 10.26 மி.மீ. வேறொரு வகைச் சங்கிலியில் 9.32 மி.மீ. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல் தோன்றும், பல்சக்கரத்தில் பொருந்தாது. பள்ளிக்கூடத்தில் நீங்கள் பிடிக்கும் வெர்னியர் அளவி காட்டில் சோறு போடுகிறது, பார்த்தீர்களா?

வாங்க முடியாத ஒன்று

பல பழைய ரம்பங்களில் சங்கிலியை நொடியில் நிறுத்தும் தடை இல்லை. அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்பும் இல்லை. ரம்பம் திடீரென்று பின்னோக்கி எகிறினால் உயிருக்கே ஆபத்து. நாள்தோறும் அதிர்வைத் தாங்கும் விரல்களில் இரத்த ஓட்டம் குன்றி, குளிரில் விரல்கள் வெளுத்து மரத்துப்போகும். இயந்திரத்துக்கு உதிரிப் பாகம் உண்டு, மனிதனுக்கு இல்லை. ஆகவே அனுபவமும் காப்புக் கவசங்களும் இல்லாத எவரும் இதைத் தொடலாகாது.

நீங்கள் தொடக்கூடிய சங்கிலி ஒன்று வீட்டிலேயே இருக்கிறது. சைக்கிள் சங்கிலியில் ஓர் ஆணியிலிருந்து அடுத்த ஆணிக்கு உள்ள தூரம் 12.7 மி.மீ. அப்படியானால் இருபது இடைவெளிகளுக்கு 254 மி.மீ. சைக்கிளை நிறுத்திவைத்து, சங்கிலி விறைப்பாக உள்ள பகுதியில் அளந்து பாருங்கள். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கூடுதலாக இருந்தால் உங்கள் சங்கிலி தேய்ந்துவிட்டது. கடைக்குப் போகுமுன் எந்தப் பாகம் வேண்டும், ஏன் வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்!