உரைத்திருத்தியில் சாளரமும் இடையகமும்: பாடவேறுபாட்டாய்வு நோக்கில்

பழந்தமிழ்ப் பனுவல்களின் பதிப்புகளை ஒப்புநோக்கும் பணி இன்று கணினித் திரையிலும் நிகழ்கின்றது. விம், எமாக்ஸ் ஆகிய உரைத்திருத்திகள் ஒரே திரையைப் பல சாளரங்களாகப் பிரித்துக்காட்டும் வசதி உடையன. (‘உரை’ என்பது இங்கு மூலத்திற்கு எழுதப்பெற்ற விளக்கத்தைக் குறிக்காது, எழுத்துவடிவிலுள்ள எதனையும் குறிக்கும்.) இவ்வசதியைப் பாடவேறுபாட்டாய்வில் பயன்கொள்வார், கோப்பு, இடையகம், சாளரம் என்னும் மூன்றின் வேறுபாட்டை முதற்கண் அறிதல் வேண்டும்.

கோப்பு, இடையகம், சாளரம்

கோப்பு வட்டில் சேமிக்கப்பட்டிருப்பது. அதனைத் திறக்கும்போது உள்ளடக்கம் நினைவகத்தில் ஏற்றப்படுகின்றது. அவ்வாறு ஏற்றப்பட்ட உரையே இடையகம், அதாவது பஃபர். சாளரமோ இடையகத்தின் ஒரு பகுதியைக் காட்டும் காட்சிப்பரப்பு மட்டுமே. திருத்தங்கள் யாவும் இடையகத்தில் நிகழ்கின்றன. சேமிப்பாணை இடும்வரை கோப்பு மாறுவதில்லை.

விம்மில் ‘ஸ்பிளிட்’ என்னும் ஆணை திரையை மேல்கீழாகவும், ‘விஸ்பிளிட்’ பக்கவாட்டிலும் பிரிக்கும். எமாக்ஸில் கண்ட்ரோல்-எக்ஸ் விசைகளை அடுத்து 2 அல்லது 3 என்னும் எண்ணை அழுத்த இவையே நிகழும்.

கோப்பின் பெயரைத் தராமல் இவ்வாறு பிரிப்பின், இரு சாளரங்களிலும் தோன்றுவது ஒரே இடையகமாகும். நீண்ட கோப்பொன்றில் செய்யுளை மேற்சாளரத்திலும், தொலைவிலுள்ள குறிப்பை கீழ்ச்சாளரத்திலும் வைத்துப் படிக்க இது பெரிதும் உதவும். ஆனால், இடப்புறம் மூலம், வலப்புறம் திருத்தப்படி எனக் கருதித் திருத்தத் தொடங்கினால், வலப்புறம் மாற்றிய சொல் இடப்புறமும் அக்கணமே மாறிவிடும். சேமித்த பின்னர், முன்னிருந்த பாடம் கோப்பிலும் இராது. ஆகவே ஒப்பீட்டிற்கு இரு சாளரங்கள் போதா. இரு கோப்புகள் வேண்டும்.

ஒப்பீடும் எழுத்துக்குறியாக்கமும்

சௌரிப்பெருமாள் அரங்கனாரின் 1915ஆம் ஆண்டுக் குறுந்தொகைப் பதிப்பும், உ.வே.சாமிநாதையரின் 1937ஆம் ஆண்டுப் பதிப்பும் தனித்தனிக் கோப்புகளாகத் தட்டச்சிடப்பட்டுள்ளன எனக் கொள்வோம். ‘விம்டிஃப்’ என்னும் ஆணையுடன் இரு கோப்புப் பெயர்களையும் தந்தால், அவை அருகருகே திறந்து, வேறுபடும் வரிகள் வண்ணமிட்டுக் காட்டப்படும். ஒத்த வரிகள் மடிக்கப்பட்டு, வேறுபாட்டைச் சூழ்ந்த சில வரிகளே தெரியும். ஒரு சாளரத்தை நகர்த்த, மற்றதும் உடன் நகரும். எமாக்ஸில் ‘எடிஃப்’ இப்பணியைச் செய்கின்றது.

இவ்வொப்பீடு வரியை அலகாகக் கொண்டது. ஒரு கோப்பில் ஓரடி ஒரு வரியாகவும், மற்றதில் சந்தி பிரித்துச் சொல்வாரியாகவும் அமைந்திருப்பின், ஏறத்தாழ நூல் முழுவதுமே வேறுபாடாகத் தோன்றும். அடிக்கு ஒரு வரி என இரண்டையும் முன்னரே சீர்செய்தல் இன்றியமையாதது.

இதனினும் நுட்பமானது குறியாக்கச் சிக்கல். ஒருங்குறியில் ‘கொ’ என்னும் எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே, திருத்திக்கோ வேறு. இதனைப் பாடவேறுபாடெனக் கணக்கிடும் ஆய்வு இல்லாத ஒன்றைக் கண்டதாகிவிடும். ஒப்பீட்டிற்குமுன் இரு கோப்புகளையும் என்.எஃப்.சி. என்னும் இயல்பாக்க வடிவிற்குக் கொணர்ந்தால் இவ்விடர் நீங்கும்.

ஔகாரக் குறியின் நிலை வேறு. மேற்குறித்த பதிப்பாசிரியர் பெயரையே ‘சௌரி’ எனவும் தட்டச்சிடலாம். சகர எகரத்தின்பின் ளகரத்தை இட்டுச் ‘செளரி’ எனவும் தட்டச்சிடலாம். பின்னையது பிழையாயினும் இணையப் பனுவல்களில் காணக்கூடியதே. இயல்பாக்கம் இதனைத் திருத்தாது. ஏனெனில் அது முறையான வேறு எழுத்துத்தொடர். எகரக்குறியும் ளகரமும் வருமிடமெல்லாம் ஔகாரக்குறியாக ஒருசேர மாற்றினாலோ, ‘தெளிவு’, ‘வெள்ளம்’ முதலிய சொற்கள் சிதையும். இங்கு ஒவ்வோரிடத்தையும் ஆய்வாளரே கண்டு முடிவு செய்தல் வேண்டும். அதற்குச் சோதனைப்படியை ஒரு சாளரத்திலும், மாற்றப்படாத மூலக்கோப்பைப் படிக்கமட்டும் இயலும் நிலையில் மற்றொரு சாளரத்திலும் திறந்து வைத்துக்கொள்வது தக்கது. விம்மில் ‘வியூ’ என்னும் ஆணை கோப்பை அந்நிலையிலேயே திறக்கும்.