ஸ்டெப் தெரியலையா? ரொம்ப நல்லது!

டான்ஸ்னு சொன்னதும் கல்ச்சுரல்ஸ் மேடையும் குத்துப்பாட்டும்தானே ஞாபகத்துக்கு வருது? அதையெல்லாம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இங்கே ஸ்டெப் கிடையாது, மார்க் கிடையாது, கால் தப்பினா கிண்டல் பண்ண ஆளும் கிடையாது. பேரு, 'டான்ஸ் மூவ்மென்ட் தெரபி'.

வாஷிங்டனில் மரியன் சேஸ் என்று ஒரு நடன ஆசிரியை. 1942-ல் செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனைக்குள் போனார். வாயே திறக்காத நோயாளிகளை அவர் பேசச் சொல்லி வற்புறுத்தவில்லை. அவர்கள் அசைந்த மாதிரியே தானும் அசைந்தார். 'உன்னைக் கவனிக்கிறேன்'னு உடம்பாலேயே சொல்கிற வித்தை! 1966-ல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் பிறந்தபோது முதல் தலைவரும் அவர்தான்.

அதே வித்தை இன்று தம்பதிகளுக்கும் உதவுகிறது. பாசம் இருக்கு, ஆனா பக்கத்தில் வந்தாலே தோள் இறுகிப்போகுதுங்கிற தம்பதிகள். எதிரெதிரே நிற்கணும். ஒருத்தர் கையை மெதுவா தூக்கினா, மற்றவர் கண்ணாடி மாதிரி செய்யணும். தொடக் கூடாது. அப்புறம் லீடர் மாறணும். எப்பவும் 'நீ சொல்றபடி நான்'னே இருந்தவருக்கு, தன் கை போற பக்கம் இன்னொரு கை வருவதே புது அனுபவம்.

அடுத்ததுதான் முக்கியம். ஒருவர் நிற்க, மற்றவர் நடந்து நெருங்குவார். 'போதும்'னு தோணுற இடத்தில் நிற்பவர் கையைக் காட்டலாம். காரணம் கேட்கக் கூடாது, முறைக்கவும் கூடாது. நேத்து ரெண்டடியில் நிறுத்தினவர் இன்னிக்கு நாலடியில் நிறுத்தலாம், அதுவும் சரிதான். 'வேண்டாம்' மதிக்கப்படும்னு உடம்பு நம்பினாதான் இறுக்கம் தளரும். (இது தம்பதிகளுக்கு மட்டும்தானா என்ன?)

பிறகு முதுகோடு முதுகு சாய்வது, மூச்சின் தாளத்தைக் கவனிப்பது... தொடுதல் அங்கிருந்து மெதுவாகத் தொடங்கும். 1970-ல் மாஸ்டர்ஸ் - ஜான்சன் ஜோடி எழுதிய 'சென்சேட் ஃபோகஸ்' பயிற்சி இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். அதில் ஆரம்பத்தில் உடலுறவுக்கே தடா! தொடுதல் எப்படி இருக்குனு கவனிக்கிறது மட்டும்தான் வேலை. பரீட்சை கேன்சல்னா வருமே ஒரு நிம்மதி, அதே லாஜிக்.

ஆனா பாஸ், இது சர்வரோக நிவாரணி இல்லை. வலி இருந்தா முதலில் டாக்டர். அடி, மிரட்டல் இருக்கிற உறவில் ஜோடியா நிறுத்திப் பயிற்சி தருவதே ஆபத்து. டான்ஸ் மாஸ்டர் எல்லாம் தெரபிஸ்ட் ஆகிவிடவும் முடியாது, அதுக்குத் தனியா படிக்கணும்.

இந்தியாவில்? சோஹினி சக்ரவர்த்தி 2004-ல் தொடங்கிய 'கொல்கத்தா சன்வேத்', கடத்தலிலிருந்து மீண்ட பெண்களோடு இதே வழியில் வேலை செய்கிறது. மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தோடு சேர்ந்து டிப்ளமோ படிப்பும் நடத்தியிருக்கு. டிகிரிக்கு அப்புறம் என்ன பண்றதுனு முழிக்கிறவங்க விசாரிச்சுப் பாருங்களேன்!