ஒரே உலையும் ஒரு வேத அறிஞரும்

வேதநூலை ஆராய்பவர் என்றால் கிரேக்கமும் எபிரேயமும் கற்று, நூலகத்தின் மூலையில் அமர்ந்து, ஒரு சொல்லுக்கு ஒன்பது பொருள் கண்டு மகிழ்பவர் என்றே நம்மில் பலரும் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்கக்கூடிய ஒருவர் நமக்கு வெகு தொலைவில் அல்ல, மதுரை அரசரடியிலே வாழ்ந்திருக்கிறார். 1969இல் தொடங்கப்பெற்ற தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றிய அருட்திரு ஜே. தியோபிலஸ் அப்பாவு (1940–2005) அவர்களே அவர். தென்னிந்தியத் திருச்சபையின் குருவானவர். கருநாடக இசையும் மேனாட்டு இசையும் பயின்றவர். ஆயினும் அவர் ஏற்றுக்கொண்ட பெயர் 'பரட்டை'. மாணவர்களுக்கு அவர் 'பரட்டை அண்ணன்'.

பரட்டை என்றதும் 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' திரைப்படம் நினைவுக்கு வந்தால் அது உங்கள் குற்றமன்று. எண்ணெய் காணாத தலை, ஊரார் மதிக்காத ஆள் என்பதே அச்சொல்லின் பொருள். ஒடுக்கப்பட்ட சமூகத்தில் பிறந்த ஒரு பேராசிரியர், ஏளனச் சொல்லையே விருதாக அணிந்துகொண்டார். அவருடைய சிந்தனை முழுவதற்கும் இந்தப் பெயரே முன்னுரை எனலாம்.

அவர் எழுப்பிய வினா எளியது. கடவுளைப் பற்றிச் சிந்தித்துப் பேசும் உரிமை படித்தவருக்கு மட்டும் உரியதா? எழுத்தறியாத மக்கள் பிறர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டப் பிறந்தவர்களா?

இவ்வினாவை வெறும் உணர்ச்சிப் பேச்சென்று ஒதுக்கிவிட இயலாது. புதிய ஏற்பாட்டின் கிரேக்கம் பிளேட்டோ முதலியோரின் இலக்கியக் கிரேக்கத்திலிருந்து வேறுபட்டிருப்பதைக் கண்ட முற்காலத்து அறிஞர் சிலர், இது வேதத்துக்கென்றே அமைந்த தனிமொழி என்று கருதினர். பின்னர் எகிப்தின் பழைய குப்பை மேடுகளிலிருந்து பாப்பிரசுத் தாள்கள் ஆயிரக்கணக்கில் வெளிவந்தன. கடன் பத்திரங்கள், வரி ரசீதுகள், வீட்டுக்கு மகன் எழுதிய கடிதங்கள்! அடால்ஃப் டைஸ்மான் (1866–1937) என்ற ஜெர்மானிய அறிஞர் அவற்றை வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். தனிமொழி என்று எண்ணியது பெரும்பாலும் சந்தையிலும் துறைமுகத்திலும் பேசிய மொழியே என்பது புலனாயிற்று. அங்ஙனமாயின் அதைத் தமிழில் சொல்லும்போது மட்டும் மேடைத் தமிழ் எதற்கு என்று கேட்பதில் நியாயம் இருக்கிறதல்லவா?

இயேசு கற்பித்த செபத்தை எடுத்துக்கொள்வோம். அதில் அன்றாட உணவை வேண்டும் இடத்தில் 'எப்பியூசியோஸ்' என்றொரு கிரேக்கச் சொல் வருகிறது. இச்சொல் கிரேக்கர் எவரிடமும் வழங்கவில்லை, நற்செய்தியாளர்களே ஆக்கிக்கொண்டதாகத் தோன்றுகிறது என்று மூன்றாம் நூற்றாண்டிலேயே ஒரிஜன் எழுதிவைத்தார். 'இன்றைக்குரிய', 'நாளைக்குரிய', 'உயிர்வாழத் தேவையான' எனப் பலவாறு பொருள் கூறுவர். இலத்தீனில் பெயர்த்த ஜெரோம் மத்தேயுவில் ஒரு சொல்லும், லூக்காவில் வேறொரு சொல்லும் இட்டார். அறிஞர் சண்டை இன்றும் ஓயவில்லை.

இதை என் தாயாரிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் பள்ளிக்கூடம் போனவரல்லர். செபமாலை முழுவதும் மனப்பாடம். "நாளைக்குள்ள சோறுதாம்ப்பா. இன்னைக்குச் சோறு சட்டியில இருக்கு, அதை எதுக்குக் கேக்கணும்? தடைக்காலத்துல நாளைக்கு என்னன்னுதானே ராத்திரி முழிச்சுக் கிடக்கோம்" என்றார். எங்கள் தந்தையார் விசைப்படகில் கூலிக்குச் செல்பவர். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. 'நாளைக்குரிய' என்னும் பொருளுக்கு இலக்கணம் கொண்டு வாதாடுவோர் உண்டு. என் தாயார் அடுப்பங்கரையைக் கொண்டு வாதாடினார். இத்தகைய விளக்கத்தையும் இறையியல் என்றே கொள்ளவேண்டும் என்பதுதான் அப்பாவு அவர்களின் கட்சி.

அவர் இந்தச் செபத்தைப் பேச்சுத் தமிழில், நாட்டுப்புற மெட்டில் அமைத்தார். கடவுளைத் தந்தை என்று மட்டும் விளிக்காமல், தாயையும் உள்ளடக்கிய 'பெத்தவரே' என்ற சொல்லால் விளித்தார். உணவு வேண்டும் பகுதியில் அவர் கண்ட பொருள் 'ஒரே உலை'. ஆளுக்குக் கொஞ்சம் அரிசி கொண்டுவந்து, ஒரே உலையில் போட்டுச் சமைத்து, ஒன்றாக அமர்ந்து உண்பது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு தெருவின் உலையில் மறு தெரு கைநனைக்காத நாட்டில் இதைவிடக் கடினமான வேண்டுதல் எது? பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11ஆம் அதிகாரத்தைப் படித்தால் இது புதுக்கருத்து அன்று என்பது விளங்கும். ஆண்டவரின் விருந்து என்று கூடிவிட்டு, ஒருவன் பசித்திருக்க மற்றொருவன் குடித்து வெறிக்கிறான் என்று அவர் அங்கே கடிந்துகொள்கிறார். உலை வேறாக இருந்ததே அன்றும் தொல்லை.

இனி இசைக்கு வருவோம். சீர்திருத்தத் திருச்சபையினர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) முதலியோரின் கீர்த்தனைகளை விரும்பிப் பாடுவர். அழகானவைதாம். ஆனால் இராகமும் தாளமும் வரையறுக்கப்பட்ட பாடலில் ஒரு கிராமத்தார் ஓரிடத்தை மாற்றிப் பாடினால் அது பிழை. திருத்துவதற்கு ஓர் ஆசிரியர் எழுந்து நிற்பார். நாட்டுப்பாடலிலோ மாற்றிப் பாடுவதுதான் வழக்கம். தாம் இயற்றிய பாட்டைக் கிராமத்தார் மாற்றினால் அது அவர்கள் தமக்குத் தரும் மறுமொழி என்று அப்பாவு கொண்டார். நமது கரையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பா எடுத்துக்கொடுப்பார், மற்றவர் பின்தொடர்வர். அன்றைய காற்று, வலையின் கனம், இழுக்காமல் நிற்பவனின் பெயர் எல்லாம் அதில் புகும். நேற்றைய அம்பா இன்று அப்படியே வராது.

பறையையும் அவர் வழிபாட்டுக்குள் கொண்டுவந்தார். இங்கேதான் எதிர்ப்பும் எழுந்தது. தீட்டுக் கருவி ஆலயத்துக்குள்ளா என்று சாதிப்பற்றுடையோர் கேட்டதில் வியப்பில்லை. ஆனால் ஒடுக்கப்பட்ட கிறிஸ்தவர்களிலேயே சிலர் தயங்கினர். சாவு வீட்டில் அடிக்கச் சொல்லி எங்களை இழிவுபடுத்திய கருவியை விட்டு விலகத்தானே இந்த வேதத்துக்கு வந்தோம், மறுபடியும் அதையா கையில் தருகிறீர்கள் என்பது அவர்கள் வாதம். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது என்பது என் கருத்து. பறை விடுதலைக் கருவி என்று சொல்லும் உரிமை அதை அடித்து அவமானப்பட்டவர்க்கே முதலில் உண்டு. அப்பாவு அவர்களுக்கு அந்த உரிமை பிறப்பிலேயே இருந்தது. பிறந்த நாள் முதல் பறையைத் தொட்டறியாத ஒருவர் அதே சொற்பொழிவை ஆற்றினால் எனக்குச் சற்றுக் கூச்சமாக இருக்கும்.

கல்லூரி வாழ்வைக் குறித்தும் அவருக்குத் தனி நோக்கு இருந்தது. 1986இல் வெளியான அவரது ஆங்கில நூல் நாட்டார் வழக்காற்றைச் சமுதாய மாற்றத்தோடு இணைத்துப் பேசுகிறது. பழமொழியும் பாட்டும் அருங்காட்சியகத்தில் வைக்கும் பொருள்கள் அல்ல; அவற்றில் அடிமைத்தனமும் உண்டு, எதிர்ப்பும் உண்டு, பிரித்தறிய வேண்டும் என்பது அவர் நிலை. பாட்டு என்றாலே புனிதம் என்று கொண்டாடாததால்தான் அவர் ஆய்வாளர். அவர் பாடல்களை ஆராய்ந்து அமெரிக்க இசையறிஞர் ஸோயி ஷெரினியன் 2014இல் ஒரு நூல் எழுதினார். வயல்வரப்பில் பாடுவதற்கென்று எழுந்தது பல்கலைக்கழக நூலக அலமாரிக்குப் போய்ச் சேர்ந்தது சற்று வேடிக்கைதான்.

இம்முயற்சிக்கு நம் கடற்கரையில் முன்னோடிகளும் உண்டு. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், உள்ளூராரின் துணையால் தமிழாக்கிய செபங்களை மனப்பாடம் செய்து, மணியடித்து மக்களைக் கூட்டிக் கற்பித்தார். மண்டபத்தை அடுத்த வேதாளையில் 1549இல் அந்தோனி கிரிமினாலி கொல்லப்பட்டபின் கடற்கரைப் பணிக்குத் தலைமையேற்றவர் ஹென்றிக் ஹென்றீக்கஸ் அடிகளார். அவர் தமிழாக்கி, 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கமுள்ள சிறு நூல். இந்திய மொழி எழுத்தில் இந்திய மண்ணில் அச்சேறிய முதல் நூல் அதுவே. கடற்கரைப் பேச்சு வழக்கு அதில் ஆங்காங்கே கலந்திருக்கிறது. படித்த புலவர் முகம் சுளித்திருப்பார். பரதவப் பெண்ணுக்குப் புரிந்திருக்கும்.

ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. ஹென்றீக்கஸ் அடிகள் மக்களின் மொழியை எடுத்துக்கொண்டு தம் செய்தியைச் சொன்னார். அப்பாவு அச்செய்தியையே மக்கள் திருத்தலாம் என்று விட்டுக்கொடுத்தார். பின்னது கடினமானது. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்துள்ள என் போன்றோர்க்கு அது மிகவும் கடினம். செய்முறைக் குறிப்பேட்டில் ஒரு மீனுக்கு இலத்தீன் பெயர் எழுதக் கற்றபின், அதே மீனைப் பற்றி வீட்டில் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கப் பொறுமை குறைந்துவிடுகிறது. "நீயும் சாமியார் பிரசங்கம் மாதிரிப் பேச ஆரம்பிச்சிட்டப்பா" என்று என் தாயார் சொல்வது பாராட்டா, குறையா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

எஞ்சின் வந்தபின் எங்கள் பக்கம் அம்பா அருகிவிட்டது. என் பெரியப்பா ஒருவருக்கு இன்னும் பாட வரும். கைப்பேசியில் பதிவு செய்ய வேண்டுமென்று சென்ற மாதம் கேட்டேன். முதலில் மாதாவின் பெயரைச் சொல்லித் தொடங்கினார். நான்காவது அடியில் டீசல் விலையும் உள்ளே வந்துவிட்டது.