நாற்றுப்பண்ணையாளரும் அறிமுகச் சலுகையும்

ஒட்டு மாங்கன்று வாங்குபவர் கண்ணாற் கண்டு தரம் அறியக்கூடிய பொருளொன்றை வாங்குகின்றாரல்லர். கறுத்தக்கொழும்பான் என்று சொல்லி விற்கப்பட்ட கன்று உண்மையில் அவ்வினந்தானா என்பது காய்க்கும்போதே ஐயமின்றித் தெரியவரும். அதற்கு மூன்று அல்லது நான்கு ஆண்டுகள் செல்லும். ஆதலால், "நான் அவரிடந்தான் வாங்கினேன், நீங்களும் வாங்கலாம்" என்று அயலவர் ஒருவர் கூறும் சொல்லை நம்பியே பலர் புதிய பண்ணையொன்றை நாடி வருகின்றனர்.

இவ்வாறு ஆள் அனுப்பும் பழைய வாடிக்கையாளருக்குச் சிறு கழிவோ வேறு நன்மையோ அளித்தலை அறிமுகச் சலுகை எனலாம். புதிதாகத் தொழில் தொடங்கிய சிறு பண்ணையாளருக்கு இது ஏற்ற முறையே. விளம்பரப் பலகைக்கு முற்பணம் வேண்டும். இதற்கோ கன்று விற்ற பின்னரே செலவு உண்டாகும். ஆயினும், ஒழுங்கின்றி நடத்தப்படின், அயலவர் இருவரின் நட்பையும் பண்ணையின் நற்பெயரையும் ஒருங்கே கெடுத்துவிடும்.

முதலிற் கணக்குப் பார்த்தல் வேண்டும். கன்றொன்றின் விலை 600 ரூபா என வைத்துக்கொள்வோம். பை, மண்கலவை, ஒட்டுக்கட்டை, கூலி, நீர் ஆகியவற்றுக்கு 400 ரூபா செல்லுமாயின் மிகுதி 200 ரூபா. இதனை முழு இலாபமென எண்ணுதல் தவறு. பட்டுப்போகும் கன்றுகளுக்கு மாற்றுக் கன்று கொடுப்பதற்கென 80 ரூபாவை ஒதுக்கினால் எஞ்சுவது 120 ரூபாவே. அதிற் பாதியாகிய 60 ரூபாவுக்கு மேல் சலுகைக்குச் செலவிடுதல் தகாது. சலுகைக்கென்று விலையை உயர்த்துதல் அதனினும் தகாது. அவ்வாறு செய்யின், எவர் சொல்லுமின்றித் தாமாகவே வந்தவர் பிறருடைய பரிசுக்குப் பணம் செலுத்தியவராவார்.

அந்த 60 ரூபாவையும் அனுப்பியவருக்கே கொடுத்தால், புதியவர் பின்னர் அதனை அறியும்போது, தம்மைக் காட்டி அயலவர் பணம் பெற்றார் என்று மனம் நோவர். இருவருக்கும் 30 ரூபா வீதம் பகிர்ந்து, அத்தொகைகளை அறிமுகத் துண்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தல் நன்று. மறைப்பதற்கு ஒன்றும் இல்லாதபோது கசப்பும் இல்லை. வீட்டுவளவில் இரண்டு மா நட்டவருக்கு மூன்றாவது மாங்கன்றிற் கழிவு கொடுத்தல் கொடாமைக்கு ஒப்பாகும்; தேசிக்கன்று, கொய்யாக்கன்று, கூட்டெரு ஆகியவற்றுள் விரும்பியதன் விலையிற் கழித்துக்கொள்ள விடுக.

அனுப்பியவரின் பங்கை எப்போது கொடுப்பது என்பது சிந்திக்கத்தக்கது. விற்ற அன்றே கொடுப்பின், எப்படியாவது ஆள் அனுப்பினாற் போதும் என்னும் எண்ணம் வளரும். வடபகுதியில் ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்ட கன்று தை மாதத்திற் பிழைத்திருக்கின்றதா என்று பார்த்த பின்னர்க் கொடுத்தலே முறை. பார்க்கும்போது துளிர் எங்கிருந்து வந்துள்ளது என்பதைக் கவனிக்க. ஒட்டுமுளை பட்டுப்போய், ஒட்டின் கீழுள்ள ஒட்டுக்கட்டை தழைத்திருப்பதும் உண்டு. பச்சையாக நிற்கின்றதே என்று வாங்கியவர் மகிழ்ந்திருப்பார். காய்ப்பதோ வேறு மாங்காய். அத்தகைய கன்றுக்கு மாற்றுக் கன்று கொடுத்தல் பண்ணையாளரின் கடன். அனுப்பியவரின் சொல் காப்பாற்றப்படுவதும் இதனாலேயே. புதியவரின் 30 ரூபாவை மட்டும் விற்கும்போதே கழித்துவிடலாம்.

அனுப்பியவரை முன்னர் அனுப்பியவருக்கும், அவருக்கு முன்னவருக்கும் பங்கு கொடுக்கலாமே எனச் சிலர் கேட்பர். ஒருபோதும் கூடாது. கன்று விற்பதைவிட ஆட்சேர்ப்பதே வருவாயாகும் நிலைக்கு அது இட்டுச் செல்லும். இலங்கையிற் பிரமிட் திட்டங்கள் 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழிற் சட்டத்தின் 83இ பிரிவினால் தடைசெய்யப்பட்டுள்ளன. சலுகை ஒரு படியோடு நிற்க வேண்டும். அதிலே சேருவதற்கென எவரிடமும் கட்டணம் வாங்கவும் கூடாது.

எம்போன்ற விவசாயப் போதனாசிரியருக்கு இச்சலுகையை நீட்டாதிருக்குமாறு பண்ணையாளரைக் கேட்டுக்கொள்கின்றோம். நல்ல கன்று எங்கே கிடைக்கும் என்று சொல்லுதல் எமது கடமை. அதற்குக் கூலி பெற்றால், பின்னர் எமது சொல்லை எவர் நம்புவர்?

துண்டுகளுக்குத் தொடர் இலக்கமிட்டு, அனுப்பியவர் பெயர், வந்தவர் பெயர், திகதி, கன்றுகளின் தொகை ஆகியவற்றை ஒரு கொப்பியிற் பதிந்து வருக. இருவர் ஒருவரையே தாம் அனுப்பியதாகக் கூறினால், வந்தவர் கையிலுள்ள துண்டே தீர்ப்பு. துண்டு இல்லையெனில் வந்தவரையே கேட்க. அவர் இருவரையும் கூறின் பங்கைச் சமமாகப் பிரிக்க. சலுகையை நிறுத்த எண்ணும்போது ஒரு மாதம் முன்னரே பண்ணை வாயிலில் அறிவித்தல் ஒட்டி, அதுவரை கொடுத்த துண்டுகளுக்கு உரியதைக் கொடுத்துத் தீர்த்துவிடுக.