டீசல் மகிழுந்தில் குளிர்நீர்க் கசிவு

டீசல் மகிழுந்தில் குளிர்நீர்க் கசிவு என்பது, பொறியின் மிகை வெப்பத்தை அகற்ற அதனுள் சுற்றிவரும் நீர்மம் மூடிய சுற்றிலிருந்து வெளியேறும் பழுது ஆகும். கசிவு வண்டிக்கு வெளியே சொட்டலாம். அல்லது பொறிக்குள்ளேயே எரியறைக்கோ மசகெண்ணெய்க்கோ செல்லலாம். முதல் வகை பெரும்பாலும் சிறு செலவில் சரியாகும். இரண்டாம் வகை கவனிக்கப்படாவிடில் பொறியையே அழித்துவிடும். ஆகவே, கசியும் இடத்தை அறியாமல் நீரை மட்டும் நிரப்பி வருவது சீர்செய்தல் ஆகாது.

அமைப்பு

இந்தியாவின் பழைய டீசல் மகிழுந்துகளுக்கு இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் அம்பாசடர் நல்ல எடுத்துக்காட்டாகும். மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை இது உற்பத்தி செய்யப்பட்டது. 1980ஆம் ஆண்டளவில் இதில் 1489 கன செ.மீ. டீசல் பொறி அறிமுகமானது. மாவட்ட அலுவலகங்கள் பல அமைந்த கடலூர் மஞ்சக்குப்பம் போன்ற இடங்களில் அம்பாசடர் அரசு வண்டியாக நெடுங்காலம் ஓடியது.

இப்பொறியின் உருளைக்கட்டும் தலையும் வார்ப்பிரும்பால் ஆனவை. வார்விசையால் சுழலும் நீரேற்றி (வாட்டர் பம்ப்) நீரைப் பொறிக்குள் செலுத்துகிறது. சூடான நீர் மேற்குழாய் வழியே ரேடியேட்டரை அடைந்து, குளிர்ந்து, கீழ்க்குழாய் வழியே திரும்புகிறது. பொறி சூடேறும் வரை தெர்மோஸ்டாட் இவ்வழியை மூடி வைக்கிறது.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அன்று. அது ஓர் அழுத்த அடைப்பிதழும் ஆகும். வளி அழுத்தத்தில் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் நீர், அதற்கு மேல் 0.5 பார் அழுத்தம் கூடினால் ஏறத்தாழ 111 பாகையில்தான் கொதிக்கும். மூடியின் இரப்பர் வளையம் தேய்ந்தால் இப்பயன் இழக்கப்பட்டு, வேறு கசிவு இல்லாமலேயே நீர் பொங்கி வெளியேறும்.

காரணங்கள்

* இரப்பர் குழாய்கள் முதுமையால் வெடித்தல், கவ்விகள் தளர்தல்
* நீரேற்றியின் அடைப்பு வளையம் தேய்தல்
* ரேடியேட்டரின் பற்றவைப்பு விடுதல், குழல்கள் அரித்தல்
* உருளைக்கட்டின் பக்கவாட்டிலுள்ள தகட்டு அடைப்பான்கள் துருப்பிடித்தல்
* உருளைத் தலைக்கும் உருளைக்கட்டுக்கும் இடையிலுள்ள அடைப்பிதழ் (ஹெட் கேஸ்கட்) பழுதாதல், தலை விரிசலடைதல்

இவற்றில் பலவற்றுக்கு ஊற்றப்படும் நீரே காரணமாகிறது. கடலோர ஊர்களில் நிலத்தடி நீர் பல இடங்களில் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருக்கும். உப்பு வார்ப்பிரும்பை அரிக்கிறது. கடின நீர் ரேடியேட்டர் குழல்களில் காறையாகப் படிந்து வெப்பக் கடத்தலைக் குறைக்கிறது. எனவே, பனி உறையாத ஊராயினும் குளிர்விப்பு நீர்மம் தேவைப்படுகிறது. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. சேர்மானங்கள் துருவைத் தடுக்கின்றன.

கண்டறிதல்

தேடல் எப்போதும் வெளியிலிருந்து உள்ளாகச் செல்ல வேண்டும். சோதனை குளிர்ந்த பொறியிலேயே தொடங்கப்படும். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறந்தால் அழுத்தம் திடீரெனக் குறைந்து, கொதிநீர் பீறிட்டு முகத்தையும் கைகளையும் சுட்டுவிடும்.

1. இரவு முழுதும் வண்டிக்கு அடியில் அட்டையோ செய்தித்தாளோ விரித்து வைத்து, ஈரம் படியும் இடம் குறிக்கப்படுகிறது. காய்ந்த கசிவு வெண்மையான அல்லது துருநிறமான தடத்தை விட்டிருக்கும்.
2. குழாய் முனைகளும் கவ்விகளும் கையால் அழுத்திப் பார்க்கப்படுகின்றன. நீரேற்றியின் அடியிலுள்ள சிறு துளையிலிருந்து நீர் வடிந்தால் அதன் அடைப்பு வளையம் தேய்ந்துவிட்டது என்பது பொருள். அத்துளையை அடைப்பது தவறு. நீர் தாங்கிக்குள் புகுந்து அதைக் கெடுக்கும்.
3. மூடிக்குப் பதிலாக அளவியுடன் கூடிய கைப்பம்பைப் பொருத்தி, மூடியில் பொறிக்கப்பட்ட அழுத்தம் வரை ஏற்றிச் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும். அளவி இறங்கி, வெளியில் ஈரம் தென்பட்டால் அதுவே கசியும் இடம். அளவி இறங்கியும் வெளிப்புறம் உலர்ந்திருந்தால் கசிவு உள்ளே உள்ளது.

உட்கசிவை உறுதிசெய்ய வேறு சான்றுகள் உள்ளன. அளவுகோலில் மசகெண்ணெய் பால் கலந்த தேநீர் போல் தோன்றுதல், பொறி ஓடும்போது ரேடியேட்டரில் இடையறாது குமிழிகள் எழுதல், பொறி நன்கு சூடேறிய பின்னும் வெண்புகை நிற்காமை ஆகியன அவை. குளிர்ந்த டீசல் பொறி எரியாத எரிபொருளாலும் வெண்புகை விடும் என்பதால் புகையை மட்டும் கொண்டு முடிவெடுக்கலாகாது. கார்பன் டை ஆக்சைடு பட்டால் நிறம் மாறும் நீலக் கரைசல் கொண்டும் சோதிக்கலாம். டீசல் பொறி வெற்றோட்டத்தில் மிகுந்த காற்றுடன் எரிவதால் அதன் புகையில் அவ்வாயு குறைவு. ஆகவே நிறம் மாறாமையை மட்டும் நம்ப முடியாது.

சீர்செய்தல்

பழைய குழாய்களில் ஒன்று வெடித்தால் எல்லாவற்றையும் மாற்றுவது நலம். செம்பு, பித்தளையால் ஆன பழைய ரேடியேட்டரைக் கழற்றித் தூய்மை செய்து ஈயப்பற்று வைக்கலாம். நீரேற்றியும் தகட்டு அடைப்பான்களும் புதிதாக மாற்றப்படுகின்றன.

தலை அடைப்பிதழ் பழுதானால் உருளைத் தலையைக் கழற்ற வேண்டும். டீசல் பொறியின் அமுக்க விகிதம் பெட்ரோல் பொறியினதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதால் இவ்விணைப்பில் விசை மிகுதி. தலையின் பரப்பு நேர்கோலால் சோதிக்கப்பட்டு, வளைந்திருந்தால் பட்டறையில் சமன் செய்யப்படுகிறது, விரிசலும் பார்க்கப்படுகிறது. திருகுமறைகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேடு கூறும் வரிசையில், முறுக்கு அளவிக் குறடு கொண்டு படிப்படியாக இறுக்க வேண்டும்.

தற்காலிக வழிகள்

சாலையோரத்தில் ரேடியேட்டருக்குள் மஞ்சள் தூள் போடும் வழக்கம் இந்தியாவில் உண்டு. அது சிறு துளையை அடைக்கக்கூடும்; மெல்லிய குழல்களையும் அடைக்கக்கூடும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிடுவதும் கசிவை நிறுத்தாது. பொறி உரிய வெப்பநிலையை அடையத் தாமதமாகி, எரிபொருள் செலவும் தேய்மானமும் கூடும்.

எச்சரிக்கை

வெப்பமானியின் உணரி நீரில் மூழ்கியிருந்தால்தான் சரியாகக் காட்டும். நீர் முற்றிலும் வடிந்துவிட்டால், பொறி கருகும் நிலையிலும் முள் கீழே இறங்கலாம். எனவே கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் தொலைவாயினும், புறப்படுமுன் நீர்மட்டத்தைக் கண்ணால் பார்ப்பதே உறுதியான வழி. வழியில் பொறி அளவுமீறிச் சூடேறினால் அதை நிறுத்தி ஆறவிட வேண்டும். கொதிக்கும் வார்ப்பிரும்பில் குளிர்ந்த நீரை ஊற்றினால் தலை விரிசலடையக்கூடும். எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுள்ள நஞ்சு ஆதலால், வடித்த நீர்மத்தைக் குழந்தைகளும் விலங்குகளும் அணுகாதவாறு மூடி வைத்தல் வேண்டும்.