உழைக்கும் பெண்ணின் பெயர் பட்டாவில் இருக்கிறதா?

விவசாயி என்றதும் ஏர் பிடிக்கும் ஆணின் உருவமே நம் நினைவுக்கு வருகிறது. ஆனால், ஒரு சிறு நிலத்தில் ஆண்டு முழுவதும் நடக்கும் வேலைகளைக் கணக்கெடுத்துப் பாருங்கள். நாற்று நடுவது, களை எடுப்பது, தானியத்தைப் புடைத்துச் சேமிப்பது, ஆடு, மாடு, கோழிகளைப் பராமரிப்பது ஆகியவற்றில் பெரும்பங்கு பெண்களுடையதே. நம் நாட்டுக் கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் விவசாயத்தில்தான் இருக்கிறார்கள்.

மண் வளத்தைக் காப்பதிலும் அவர்கள் பங்கு பெரியது. முற்றிய காய்களை விதைக்கென ஒதுக்கி, காயவைத்து, சாம்பல் கலந்து பானையில் வைப்பவர்கள் அவர்களே. அந்த விதை நம் மண்ணுக்குப் பழகியது. காசு கொடுத்து வாங்க வேண்டியதில்லை. கேழ்வரகுக்கு இடையே துவரையும் அவரையும் ஊன்றுவதும் பழைய வழக்கம். பயறு வகைகளின் வேர் முடிச்சுகள் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கின்றன. உரச் செலவு குறைகிறது. ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று வீட்டுக்கு உணவாகிறது.

தெலங்கானாவின் ஜஹீராபாத் பகுதியில் ஏழை தலித் பெண்கள் சங்கமாகக் கூடி, இதே முறையில் சிறுதானியம் பயிரிட்டு விதை வங்கிகளும் நடத்துகிறார்கள். அவர்களுடன் பணியாற்றும் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டிக்கு 2019இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு கிடைத்தது.

இவ்வளவு உழைத்தும், 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலங்களைத் தம் பொறுப்பில் வைத்திருப்போரில் பெண்கள் சுமார் 14 சதவீதமே. பிஎம் கிசான் திட்டத்தின் ஆண்டுக்கு 6,000 ரூபாயும், சொட்டுநீர்ப் பாசன மானியமும் நில ஆவணத்தைப் பார்த்தே வழங்கப்படுகின்றன. கணவர் வஃபாத்தான பின் நிலத்தைக் காப்பாற்றும் சகோதரி, பட்டாவில் பெயர் இல்லாததால் இவற்றைப் பெற முடியாமல் நிற்கிறார்.

"நகை பெண்ணுக்கு, நிலம் ஆணுக்கு" என்பது நம்மில் சிலரிடம் உள்ள வழக்கம். அது மார்க்கம் அல்ல. 1937ஆம் ஆண்டு ஷரீஅத் சட்டம் விவசாய நிலத்தை விலக்கி வைத்திருந்தது உண்மைதான். ஆனால், 1949இல் சென்னை மாகாணம் கொண்டுவந்த திருத்தம் அந்த விலக்கை நீக்கியது. எனவே தமிழ்நாட்டில் விவசாய நிலத்திலும் பெண்களுக்குப் பங்கு உண்டு.

ஓர் எடுத்துக்காட்டு: ஒருவர் 240 சென்ட் நிலத்தை விட்டு வஃபாத்தாகிறார். கடனோ வஸிய்யத்தோ இல்லை. பெற்றோரும் முன்பே காலமாகிவிட்டனர். மனைவி, ஒரு மகன், ஒரு மகள் வாரிசுகள். மனைவிக்கு எட்டில் ஒன்று, அதாவது 30 சென்ட். மீதி 210இல் மகனுக்கு 140, மகளுக்கு 70. மகள் மணமாகி வேறு ஊர் சென்றிருந்தாலும் இந்தப் பங்கு மாறாது.

ஆகவே நாம் செய்ய வேண்டியவை: குடும்பத் தலைவர் மறைந்ததும் தாமதிக்காமல் வாரிசுச் சான்றிதழ் பெறுங்கள். அதில் பெண்மக்கள் பெயர் விடுபடாமல் பாருங்கள். ஆலிம்களிடம் பங்கைக் கணக்கிட்டு, பாகப்பிரிவினையைப் பதிவு செய்து, இ-சேவை மையம் வழியாகப் பட்டா மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். சகோதரிகளே, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து கேட்டால், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதை முழுமையாகப் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். கூச்சத்தாலோ வற்புறுத்தலாலோ பங்கை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

ஐ.நா. சபை 2026ஐப் பெண் விவசாயிகளின் ஆண்டாக அறிவித்துள்ளது. நம் வீட்டுப் பத்திரங்களை ஒருமுறை எடுத்துப் பார்க்க இது நல்ல தருணம்.